பச்சை போர்டு காரும் பால்கோவா ஊரும்! ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் எலெக்ட்ரிக் கார் லாபமா, தலைவலியா?

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, அழகாபுரி எல்லாம் தாண்டி கிருஷ்ணன்கோவிலுக்கு வந்துவிட்டால் காற்றே மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை வலது பக்கம் கூடவே வர ஆரம்பிக்கும். கொஞ்ச தூரத்தில் தென்னை மரங்களுக்கு மேலே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ராஜகோபுரம் தெரியும். 11 நிலை, 192 அடி உயரம். அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் போனால் ராஜபாளையம்.

ஒன்று கோயில் ஊர், இன்னொன்று மில் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், பெரியாழ்வார், பால்கோவா. ராஜபாளையம் என்றால் நூற்பாலைகள், மாம்பழம், வெள்ளை வெளேர் என்று நிற்கும் ராஜபாளையம் நாய். காலையில் ஒரு ஊரில் கிளம்பி இன்னொரு ஊரில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புபவர்கள் இரு பக்கமும் உண்டு. பஸ், லாரி, மில் வேன், கோயிலுக்கு வரும் டூரிஸ்ட் வண்டி என்று எந்நேரமும் பரபரப்பாக இருக்கும் இந்தச் சாலையில், பச்சை நம்பர் பிளேட் வைத்த கார்களும் இப்போது கண்ணில் படுகின்றன. பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோக எலெக்ட்ரிக் கார். மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி.

எலெக்ட்ரிக் கார் பற்றி பெரிய நகரங்களில் கேட்கப்படும் கேள்வி, "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?" என்பது. ராஜபாளையம் மாதிரியான ஊரில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. "வண்டி நின்னுபோச்சுன்னா யாரு பார்ப்பா?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. காரின் விலை 10 லட்சம், 15 லட்சம் என்று போகிறது. பெரும்பாலான குடும்பங்கள் 5 முதல் 7 வருட லோனில்தான் வாங்குகின்றன. அவ்வளவு பணம் போட்டு வாங்கிய வண்டியின் சந்தோஷம், அதை ரிப்பேர் பார்ப்பவர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்பதைப் பொறுத்தே நீடிக்கும்.

தினசரி ஓட்டத்துக்கு கில்லி!

முதலில் சந்தோஷத்தைப் பேசிவிடலாம். இந்த இரட்டை ஊர்களின் தூரக் கணக்கு எலெக்ட்ரிக் காருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வர 24 கிலோமீட்டர்தான். சத்திரப்பட்டிக்கோ, கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்கோ தினமும் போய் வந்தாலும் 40, 50 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சிறிய பேட்டரி உள்ள கார்கூட இதை இரண்டு, மூன்று நாள் தாங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பக் கார். இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவு சுமார் 13,400 ரூபாய். எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 6 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், தேவை சுமார் 330 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கூட்டியே போட்டாலும் 3,300 ரூபாய்தான். மிச்சம் இரண்டு மாதத்துக்கு சுமார் 10,000 ரூபாய், வருடத்துக்கு 60,000 ரூபாய்.

ஆனால், அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட எலெக்ட்ரிக் காரின் விலை அதிகம். 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால், அந்தப் பணத்தை எடுக்கவே 5 வருடம் ஆகும். மாதம் 300, 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு சரிப்பட்டு வராது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ரெண்டரை வருடத்திலேயே கை மேல் பலன். எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம்தான் என்பது பெரிய அனுகூலம். அதேசமயம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைந்ததால், விலை வித்தியாசத்தைப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸில் எலெக்ட்ரிக் கார்களுக்கு 15 சதவிகிதத் தள்ளுபடி உண்டு.

பணம் தாண்டியும் சில வசதிகள் உள்ளன. கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டியதில்லை. ரத வீதியில் திருவிழாக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும்போது கால் வலிக்காது. புதிதாக கார் பழகும் பெண்களும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் சுலபமாக ஓட்டலாம். இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் எதுவும் கிடையாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால் பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது. வழக்கமான சர்வீஸ் பில் குறைவு என்பது எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களின் நிஜமான சந்தோஷம்.

வீட்டில் சார்ஜ் போடுவது எப்படி?

கார் கம்பெனிகள் தரும் போர்ட்டபிள் சார்ஜரை, ஏ.சி-க்கு வைக்கிற மாதிரி 15 ஆம்ப் பிளக்கில் மாட்டினால் போதும். 24 முதல் 30 கிலோவாட் மணி பேட்டரி ஒரு ராத்திரியில் நிரம்பிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம்கூட ராத்திரி சார்ஜ் போடுபவரைப் பாதிக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, எர்த். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். ஃபேன், லைட், மிக்ஸி ஓடும். ஆனால், காரின் சார்ஜர் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டி வேலை செய்ய மறுத்துவிடும். புது காரை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ராத்திரியே, "வண்டி சார்ஜ் ஏறலை" என்று ஷோரூமுக்குப் போன் பறக்கும். குறை வண்டியில் இல்லை, வீட்டு வயரிங்கில். கார் டெலிவரிக்கு முன்பே நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்து, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, மின்சுமை. 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைத்தால் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு அதற்குப் போதுமா என்று பார்த்து, இ.பி ஆபீஸில் லோடை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, மின் கட்டண அடுக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து, அடுத்தடுத்த யூனிட்டுகளின் விலை மளமளவென ஏறும். ஏற்கெனவே இரண்டு ஏ.சி ஓடும் வீட்டில் காரின் 330 யூனிட்டும் சேர்ந்தால், பில்லைப் பார்த்து நெஞ்சு அடைக்கும். இதற்கு ஒரு வழி, கூரை மேல் சோலார். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'பி.எம் சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சுமாராக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். கந்தக பூமி என்று பேர் வாங்கிய விருதுநகர் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

நான்காவதுதான் கஷ்டமானது. ராஜபாளையத்தின் பழையபாளையம், புதுப்பாளையம் தெருக்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். கார் ஷெட் இல்லாத வீடுகள் நிறைய. காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக வயரை வெளியே இழுத்து சார்ஜ் போடுவது ஆபத்து. மழைத் தண்ணீர், தெருவில் விளையாடும் குழந்தைகள், மாடு என்று எதற்கும் பாதுகாப்பில்லை. சொந்தமாக ஷெட்டும் பூட்டும் உள்ள வீட்டுக்காரருக்குத்தான் எலெக்ட்ரிக் கார் இப்போதைக்குச் சரியாக அமையும்.

மதுரை, குற்றாலம், சபரிமலை

ராஜபாளையத்துக்காரர்களுக்கு உள்ளூர் ஓட்டத்தைத் தாண்டி மூன்று முக்கியமான திசைகள் உண்டு. ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், கல்யாண ஜவுளி என்றால் மதுரை. சாரல் சீசன் என்றால் குற்றாலம். கார்த்திகை, மார்கழி என்றால் செங்கோட்டை வழியாக சபரிமலை.

மதுரை சுமார் 85 கிலோமீட்டர். போய் வர 170. சிவகிரி, வாசுதேவநல்லூர், எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, கடையநல்லூர் வழியாக குற்றாலம் சுமார் 65 கிலோமீட்டர். போய் வர 130. 30 கிலோவாட் மணி அளவுள்ள பேட்டரி என்றால், முழு சார்ஜில் கிளம்பினால் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். மதுரைக்கும் போய் வரலாம்தான். ஆனால் ஏ.சி, நாலு பேர், லக்கேஜ், 100 கிலோமீட்டர் வேகம் என்று சேர்ந்தால் கடைசி 20 கிலோமீட்டருக்குக் கண் மீட்டரிலேயே இருக்கும்.

இங்கேதான் வாங்கியவர்களின் முதல் ஏமாற்றம் பிறக்கிறது. விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் சோதனைக்கூடத்து அளவு, சாலையில் கிடைப்பது வேறு. 2020 ஜனவரியில் வந்த முதல் நெக்ஸான் இ.வி-க்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். நடைமுறையில் அதில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம். இப்போது கம்பெனிகளே இதை ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. 45 கிலோவாட் மணி நெக்ஸானுக்குச் சான்றிதழ்படி 489 கிலோமீட்டர். ஆனால், சாலையில் எதிர்பார்க்கக்கூடியது 350 முதல் 370 கிலோமீட்டர் என்று டாடாவே தனியாகச் சொல்கிறது. ஷோரூமில் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குபவருக்குப் பிறகு வருத்தம் இருக்காது.

வழியில் ஃபாஸ்ட் சார்ஜர் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் செலவைப்போல இரண்டு மடங்கு. அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான். பிரச்னை, போய்ச் சேரும்போது அந்த சார்ஜர் வேலை செய்கிறதா என்பது. ஆப்பில் 'இருக்கிறது' என்று காட்டுவதை மட்டும் நம்பாமல், கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பார்ப்பது, அங்கிருக்கும் ஹோட்டலுக்கோ பங்குக்கோ போன் போடுவது, 20 சதவிகிதம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த சார்ஜரைத் தேடுவது ஆகிய மூன்றும் இந்த ரூட்டில் பழகிக்கொள்ள வேண்டியவை. சபரிமலை சீசனில் செங்கோட்டைப் பாதை முழுக்க பக்தர்கள் வண்டிதான். அந்த நேரத்தில் ஒரே ஒரு சார்ஜரை நம்பிக் கிளம்பக் கூடாது.

'மெக்கானிக் அண்ணன்' தொட முடியாத வண்டி

ராஜபாளையம் இயந்திரத்துக்குப் புதிய ஊரில்லை. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1930-களில் இங்கே நூற்பாலை தொடங்கினார். அதிலிருந்து மில் ஃபிட்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள், மோட்டார் காயில் கட்டுபவர்கள், லேத் பட்டறைக்காரர்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் தெரிந்தவர்கள் உருவான ஊர் இது. பக்கத்து சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஓடுகின்றன. ராஜபாளையத்தில் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரி உள்ளன. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் காருக்குக் கோளாறு என்றால் பழக்கம் இதுதான்: தெரிந்த மெக்கானிக்குக்குப் போன். "அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது." அவர் பையனை அனுப்புவார். சாயங்காலத்துக்குள் வண்டி வீட்டில் நிற்கும். காசு அடுத்த வாரம் கொடுத்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எலெக்ட்ரிக் கார் இந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கிறது. காரின் அடியில் இருக்கும் பெரிய பேட்டரியில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் இருக்கும். அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு நிற கேபிளை, பயிற்சி இல்லாதவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து. கோளாறு என்ன என்று கண்டுபிடிக்கவே கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். வெளியாள் பேட்டரியைத் திறந்தால் வாரன்டியும் போய்விடும். எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் உள்ளூர் மெக்கானிக் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் அப்படியில்லை. டயர், வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன், வைப்பர், லைட், பிரேக் பேடு போன்றவை வழக்கமான வேலைகளே. இன்னொரு முக்கியமான சங்கதியும் பலருக்குத் தெரியாது. எலெக்ட்ரிக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் 90 சதவிகிதம் சார்ஜ் இருந்தாலும் கார் கண் திறக்காது. வெளியூர் போய் இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் கதவே திறக்கவில்லை என்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

நிஜமான சோதனை, மோட்டார், பேட்டரி, சார்ஜிங் பகுதி, கன்ட்ரோலர் இவற்றில் கோளாறு வரும்போதுதான். இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆள் ராஜபாளையத்திலேயே இருக்கிறாரா, இல்லை மதுரை, திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டுமா? இரண்டு நகரங்களும் 80, 90 கிலோமீட்டர் தூரம். வண்டியை ஃபிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். சாதாரண ரெக்கவரி வண்டியில் கட்டி, ஓடும் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போனால், மோட்டார் சுற்றி மின்சாரம் உண்டாகி இருக்கிற கோளாறு இன்னும் பெரிதாகலாம். உதிரிபாகம் தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும் என்றால் நாள் கணக்கு, சில நேரம் வாரக் கணக்கு. அதுவரை தினமும் டாக்ஸி. மாதம் 5,000 மிச்சம் பிடித்த கணக்கு அங்கே கரைந்துவிடும்.

சாலையும் ஒரு காரணம். பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணி குடிநீர்த் திட்டத்துக்கும் பல வருடம் தோண்டப்பட்ட ஊர் ராஜபாளையம். பேட்டரி காரின் அடிவயிற்றில் இருப்பதால், பள்ளத்தில் இறங்கி அடி தட்டினால் பெட்ரோல் காருக்குச் சாதாரண கீறல், எலெக்ட்ரிக் காருக்குப் பெரிய செலவு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனிப் பாதுகாப்பு சேர்த்திருக்கிறதா என்று பார்த்து எடுப்பது அவசியம்.

ஆண்டாள் கோயில் தேர் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆடிப்பூரத்தன்று வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். ஆனால் தேர் தெருமுனையில் ஒழுங்காகத் திரும்ப வேண்டும் என்றால், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சறுக்குக்கட்டையோடு நிற்கும் ஆட்கள் வேண்டும். எலெக்ட்ரிக் கார் விற்பனையில் வடம் பிடிக்க நிறைய பேர் வந்துவிட்டார்கள். சறுக்குக்கட்டை போடும் ஆட்கள்தான் சின்ன ஊர்களுக்கு இன்னும் போதுமான அளவு வரவில்லை.

ஸ்கூட்டர் சொல்லிக்கொடுத்த பாடம்

விற்பனை வேகத்துக்கு சர்வீஸ் ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் நாடே பார்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பிரமாண்டத் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மீது, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஒரே வருடத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் 10,644. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவிகிதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது.

அந்தச் சமயத்தில் பெரிதாகப் பேசப்பட்டது சர்வீஸ் தாமதம்தான். 'வண்டி நல்லா ஓடுது, ஆனா நின்னா எழுப்ப ஆள் இல்லை' என்ற பேச்சு பரவியது.

வேடிக்கை என்னவென்றால், எலெக்ட்ரிக் வண்டிகள் பிறக்கும் மாநிலமே தமிழ்நாடுதான். போச்சம்பள்ளி, ஓசூரில் ஸ்கூட்டர்கள், சென்னைப் பக்கம் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக். 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் வருடத்துக்கு 50,000 கார்கள் என்பது அதன் திறன். ராஜபாளையத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். கார் செய்யும் தொழிற்சாலை மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. காரைப் பழுது பார்க்கும் கையும் அதேபோல் வர வேண்டும். அதற்குத் தேவையான படித்த பிள்ளைகள் இந்த ஊர் பாலிடெக்னிக்கிலும் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். கம்பெனிகள் பயிற்சியும் கருவியும் கொடுத்தால் போதும்.

நியாயம் கேட்க மும்பை போக வேண்டாம்!

சர்வீஸ் சென்டர் தூரத்தில் இருக்கலாம். ஆனால், நியாயம் கேட்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கிடைத்த அதிர்ஷ்டம். மாவட்டத் தலைநகரம் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் அங்கேதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, வாடிக்கையாளர் தான் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். காரை மதுரையில் வாங்கியிருக்கலாம், கம்பெனி மும்பையில் இருக்கலாம். ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. பிரச்னை ஏற்பட்ட 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

அதற்கு முந்தைய படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இலவசம். கம்பெனியின் கவனத்துக்குப் புகாரை நேரடியாகக் கொண்டுபோகும். எந்தப் படியானாலும் ஜெயிப்பது காகிதம்தான். சர்வீஸுக்கு வண்டி விடும்போதெல்லாம் ஜாப் கார்டு வாங்க வேண்டும். அதில் தேதி, ஓடிய கிலோமீட்டர், சொன்ன குறை மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'போன்ல சொன்னேனே' என்பது செல்லாது. வாட்ஸ்அப், மெயிலில் அனுப்பி வைத்தால் அது சாட்சி.

பச்சை போர்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எலெக்ட்ரிக் கார் உள்ளவர்கள் பயமில்லாமல் சுற்றிப் பார்க்க, இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்த ஒருநாள் பயணம் அருமையானது. மொத்தமே 60, 70 கிலோமீட்டர்தான்.

காலையில் ஆண்டாள் சந்நிதி. மார்கழியில் போனால் திருப்பாவை 30 பாசுரங்களும் பிறந்த ஊரிலேயே காதில் விழும். வெளியே வந்தால் பால்கோவா கடைகள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய இனிப்பு. பாலும் சர்க்கரையும் மட்டும்தான், நம்பிக்கையான கடையில் சூடாக வாங்கிச் சாப்பிட வேண்டும். அங்கிருந்து மேற்கே செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களின் சரணாலயம் இது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் வாசல். வனத்துறை அனுமதிக்கும் இடம் வரைதான் போக வேண்டும்.

மதியம் ராஜபாளையம். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவாக்கிய காந்தி கலை மன்றம் பார்க்க வேண்டியது. சீசன் என்றால் மாம்பழம். சாயங்காலம் அய்யனார் கோயில் பக்கம் மலையடிவாரம், போகிற வழியில் ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால், இன்ஜின் சத்தமில்லாத காரில் பறவைச் சத்தம் கேட்கும். இந்தச் சுகத்துக்காகவே வண்டி வாங்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 8 கேள்விகள்

1. பேட்டரி, மோட்டார் வேலை தெரிந்த பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எந்த ஊரில் இருக்கிறார்? இப்போதே அவரிடம் பேச முடியுமா?

2. வண்டி நின்றால் ஃபிளாட்பெட் எங்கிருந்து வரும்? எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம்?

3. பேட்டரி வாரன்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர்? பல கார்களுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். பேட்டரியின் திறன் எத்தனை சதவிகிதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா?

4. 'லைஃப்டைம்' வாரன்டி என்றால், அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா? வண்டியை விற்றால் வாங்குபவருக்குக் கிடைக்குமா? மறுவிற்பனை விலை இதைப் பொறுத்தது.

5. உதிரிபாகத்துக்காக வண்டி பல நாள் நின்றால் மாற்று வண்டி தருவார்களா?

6. சான்றிதழ் தூரம் வேண்டாம். மே மாத வெயிலில், ஏ.சி-யோடு, நாலு பேர் உட்கார்ந்து போனால் எத்தனை கிலோமீட்டர்?

7. டெலிவரிக்கு முன் வீட்டுக்கு வந்து எர்த், வயரிங் சோதித்துத் தருவார்களா?

8. இதே ஷோரூமில் இதே காரை வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய உள்ளூர்க்காரர் இருவரின் அனுபவத்தைக் கேட்க ஏற்பாடு செய்ய முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ஷோரூம் தயங்கினால் நீங்களே விசாரிக்கலாம். இந்த அளவு ஊரில் பச்சை போர்டு கார் யார் வீட்டில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "வண்டி எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். வண்டி நன்றாக ஓடுகிறது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். "கடைசியா சர்வீஸுக்கு விட்டப்போ எத்தனை நாள்ல திரும்பி வந்துச்சு?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து முடிவெடுங்கள்.